முள்ளம்பன்றியின் சிரிப்பு

மார்ச் 4

சிட்டு அப்பாவுக்கு,

நீங்கள் நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். கேட்டுவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே கத்த ஆரம்பித்துவிடுகிறோம். நான் கத்தினால் அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்க்கிறாள். அதனால்தான் காகிதம்.

ஒரே ஒரு விஷயம் கேட்கவே எழுதுகிறேன். வீடு வேண்டாம், சாமான் வேண்டாம். நம் போன் விளையாட்டிலிருந்து சிட்டுவின் சிரிப்பை எடுத்துவிடுங்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். போன வியாழக்கிழமை வேலைக்குப் போகும் பஸ்ஸில் உட்கார இடம் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் ஏதோ அலுவலகத்துக்குப் போகிறவர், தலை பாதி நரைத்தவர், மடியில் சாப்பாட்டுப் பை. போனில் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தார். நான் கவனிக்கவில்லை. திடீரென்று சிட்டு சிரித்தாள்.

என் உடம்பு தன்னால் திரும்பியது. பின்பக்கம் எங்கேயோ நிற்கிறாள், கூட்டத்தில் நசுங்கிவிடுவாள் என்று. ஒரு கணம்தான். அந்த ஒரு கணத்தில் இந்த இரண்டு வருடமும் இல்லாமல் போய்விட்டது. காய்ச்சல் இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, ஒன்றுமே நடக்கவில்லை. அப்புறம்தான் அந்த மனிதரின் திரை கண்ணில் பட்டது. நான் வரைந்த துணிக்கூடைக்குள்ளிருந்து நான் வரைந்த முள்ளம்பன்றி தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

"சார், சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கிறீங்களா?" என்றேன்.

அவர் நல்ல மனிதர். "சாரிம்மா" என்று உடனே குறைத்தார். பிறகு என்ன தோன்றியதோ, போனை என் பக்கம் திருப்பினார். "இந்தச் சிரிப்புக்காகத்தாம்மா விளையாடறேன். ஆபீஸ் போறதுக்குள்ள நாலு தடவ கேட்டுட்டா, அன்னிக்கு மேனேஜர் என்ன திட்டினாலும் உறைக்காது."

அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். என் நிறுத்தம் இல்லை அது. மீதி தூரத்தை நடந்தே போனேன்.

நான் இங்கே என்ன வேலை செய்கிறேன் என்று உங்களுக்குத் தெரியாது, நீங்கள் கேட்கவும் இல்லை. பல் செய்கிற லேபில் பொய்ப்பல்லுக்கு நிறம் பொருத்துகிறேன். பக்கத்துப் பல்லில் மஞ்சள் எவ்வளவு, சாம்பல் எவ்வளவு என்று பார்த்துத் தீட்ட வேண்டும். வெள்ளையாக வைத்தால் காட்டிக்கொடுத்துவிடும். அளவாக அழுக்குச் சேர்க்கத் தெரிந்தவளுக்கு இந்த உலகத்தில் வேலை உண்டு. அன்றைக்கு ஒரு பெரியவரின் முன்பல்லை இரண்டு முறை கெடுத்தேன்.

நாம் சேர்ந்து செய்த விளையாட்டு. படம் எல்லாம் என்னுடையது, மற்றதெல்லாம் உங்களுடையது. பாதி என்னுடையது என்று நீங்களே எல்லோரிடமும் சொல்வீர்கள். அந்தப் பாதியிலிருந்துதான் கேட்கிறேன். படங்களை வைத்துக்கொள்ளுங்கள். அவளை மட்டும் எடுத்துவிடுங்கள்.

சிட்டு அம்மா


மார்ச் 13

சிட்டு அம்மாவுக்கு,

'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். கல்லூரியில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து என்னை 'டேய்' என்று கூப்பிட்டவள் நீ. உனக்குக் கோபம் வந்தால்தான் எனக்கு மரியாதை வரும். முதல் வரியைப் படித்ததுமே தெரிந்துவிட்டது, அடி பலமாக விழப்போகிறது என்று.

நான் நலமாகத்தான் இருக்கிறேன். கீழ்வீட்டு அம்மா தினமும் ஏதாவது ஒரு சாக்குச் சொல்லிக் கதவைத் தட்டுகிறார். நேற்று உப்பு கேட்டார். அதற்கு முந்தின நாளும் உப்புதான். ஆள் இருக்கிறானா என்று பார்க்க வருகிறார், பாவம். உப்பே கரைந்துவிட்டது.

உன் கடிதத்துக்கு நிறைய பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். எப்படி எழுதினாலும் கடைசியில் ஒரே சொல்தான் நின்றது. முடியாது.

ஃபைல்தான் உன்னிடம் இருக்கிறதே, வேண்டும்போது தட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதானே என்பாய். கேட்டிருக்கிறேன். அது வேறு. தட்டினால் வருகிறது, நிறுத்தினால் நிற்கிறது. விளையாட்டில் அப்படி இல்லை. யாரோ ஒருவர் அவளைத் தேடுகிறார். அலமாரியைத் திறக்கிறார், இல்லை. திரைச்சீலையை விலக்குகிறார், அங்கேயும் இல்லை. கிட்டே போகப் போக வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிற சத்தம் கேட்கிறது. மூடியைத் தூக்கினால் சிரிக்கிறாள். தேடி ஒரு ஆள் வந்துவிட்டார் என்று சிரிக்கிறாள். இந்த வித்தியாசம் உனக்குப் புரியாமல் இருக்காது.

என் மேஜைமேல் இருக்கும் இரண்டாவது திரையில் ஒரு எண் ஓடிக்கொண்டே இருக்குமே, இந்த நேரத்தில் எத்தனை பேர் விளையாடுகிறார்கள் என்று? வெளியிட்ட புதிதில் அது ஐந்தானால் நீ குதிப்பாய். அதில் மூன்று பேர் உன் அக்கா குடும்பம் என்று நான் சொல்வேன். இப்போது எழுந்ததும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன். நாற்பது இருக்கும், சில நாள் அறுபது. பெரிய விளையாட்டு இல்லை நம்முடையது. ஆனால் அந்த எண் இருக்கிற வரைக்கும், இந்த நிமிடம் ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு பஸ்ஸில், யாரோ ஒருவருடைய கட்டிலில் அவள் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அதைப் பார்த்த பிறகுதான் எழுந்து முகம் கழுவ முடிகிறது.

உன் பஸ் மனிதரும் அந்த எண்ணில் ஒருவர்தான். அவருக்கு மேனேஜரின் திட்டு உறைக்கவில்லை என்று படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உனக்கு எரிச்சல் வரும், தெரியும். பொய் சொல்ல மனமில்லை.

அவள் துணிகளை எல்லாம் மூட்டை கட்டி நீ கொடுத்தனுப்பியபோது நான் ஒரு வார்த்தை சொன்னேனா? அந்த மஞ்சள் மழைக்கோட்டை மட்டுமாவது வைத்துக்கொள்ளலாம் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. நீ உனக்குத் தோன்றிய வழியில் தாங்கிக்கொண்டாய். என்னை என் வழியில் விட்டுவிடு.

சிட்டு அப்பா


மார்ச் 22

சிட்டு அப்பாவுக்கு,

சரி, 'நீ'. மரியாதை போயிற்று, திருப்திதானே?

துணியைக் கொடுத்தது உண்மை. நீ ஒரு வார்த்தை சொல்லாததும் உண்மை. நீ எதற்குமே ஒரு வார்த்தை சொல்லவில்லை. மழைக்கோட்டு வேண்டும் என்று சொல்லியிருந்தால் மூட்டையை அவிழ்த்து எடுத்துக் கொடுத்திருப்பேன். அது வேண்டும் என்று இன்றைக்குத்தான் எனக்குத் தெரிகிறது.

அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த மறுவாரம் நீ அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். சாப்பிடக் கூப்பிட்டால், "இதோ, இந்த ஒரு பிழையச் சரி பண்ணிட்டு வந்துடறேன்." அவள் இருந்தபோதும் அவளிடம் இதையேதான் சொன்னாய். அவள் கதவுக்கு வெளியே சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, "அப்பா, பிழை முடிஞ்சுதா?" என்று கேட்பாள். பிழை என்றால் ஏதோ ஒரு மிருகம் என்று நினைத்திருந்தாள். நீ உள்ளே அதோடு சண்டை போடுகிறாய், ஒருநாள் அது செத்துப்போகும், நீ வெளியே வருவாய் என்று. என்னிடம் ஒருமுறை ரகசியமாகக் கேட்டாள், "அதுக்குப் பல் இருக்குமாம்மா?"

நீ பேசுகிற அந்தச் சிரிப்பு எவ்வளவு நீளம்? இரண்டு விநாடி வருமா? அதற்கு முன்னால் இருந்ததையும் பின்னால் இருந்ததையும் நீதான் வெட்டினாய். நறுக்கென்று இருக்க வேண்டும் என்றாய். அந்த இரண்டு விநாடி மற்ற எல்லாவற்றையும் தின்றுவிட்டது. கண்ணை மூடி அவளைக் குளியலறையில் நினைத்தாலும் அதே சிரிப்பு. ஊஞ்சலில் நினைத்தாலும் அதே சிரிப்பு. அதே இடத்தில் ஏறுகிறது, அதே இடத்தில் மூச்சு வாங்குகிறது, அதே இடத்தில் அறுந்துபோகிறது. அவள் ஒருநாளும் ஒரே மாதிரி இரண்டு தடவை சிரித்தவள் இல்லை. உனக்கு அவள் எங்கேயோ சிரித்துக்கொண்டே இருக்கிறாள். எனக்கு அவளிடமிருந்து மிச்சம் இருப்பது ஒரே ஒரு சிரிப்பு. அதையும் ஊருக்கெல்லாம் பங்கு வைத்தாயிற்று.

இன்னொன்றும் சொல்கிறேன். அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. 'அம்மா' என்று அவள் கூப்பிடுகிற குரல் போன மாதம் போய்விட்டது. உட்கார்ந்து உட்கார்ந்து கூப்பிட்டுப் பார்க்கிறேன். அந்த இடத்தில் முள்ளம்பன்றி வந்து உட்கார்ந்துகொண்டு சிரிக்கிறது.

நான் உன்னிடம் கெஞ்சியது ஒரே ஒரு முறை. ஆஸ்பத்திரி வராந்தாவில், பெரிய டாக்டரைக் கூட்டிக்கொண்டு வா என்று. நீ செருப்பில்லாமல் ஓடினாய். படியில் விழுந்து எழுந்து ஓடினாய். அந்த ஓட்டத்துக்காகத்தான் அதற்கப்புறமும் இவ்வளவு காலம் உன்னோடு இருந்தேன்.

இப்போது இரண்டாவது முறை கெஞ்சுகிறேன்.

சிட்டு அம்மா


ஏப்ரல் 9

சிட்டு அம்மாவுக்கு,

எடுத்துவிட்டேன்.

உன் கடிதத்தில் இருந்த மற்ற எல்லாவற்றோடும் வாதாட முடிந்தது. மனதுக்குள் வாதாடி ஜெயித்தும்விட்டேன். 'அம்மா' என்ற குரல் போய்விட்டது என்று எழுதியிருந்தாயே, அதனிடம் மட்டும் தோற்றுவிட்டேன்.

சனிக்கிழமை காலை உட்கார்ந்தேன். ஃபைலின் பெயர் என்ன தெரியுமா? 'சிட்டு கடைசி.' எங்கள் வேலையில் அப்படித்தான் பெயர் வைப்போம். கடைசி என்று ஒன்று, அதைத் திருத்தினால் கடைசி இரண்டு, அப்புறம் உண்மையிலேயே கடைசி. சிட்டுவுக்கு இரண்டு வரவே இல்லை. முதல் தடவையே சரியாகச் சிரித்துவிட்டாள். அந்தப் பெயரைப் பார்த்ததும் எழுந்துபோய் பால்கனியில் கொஞ்ச நேரம் நின்றேன். எதிர்க்கட்டடத்தில் ஒரு பெண் போர்வையை உதறிக்கொண்டிருந்தாள். அவள் உதறி முடித்து உள்ளே போனதும் நானும் உள்ளே வந்து எடுத்தேன்.

ஒரே நேரத்தில் எல்லோருக்கும் போகாது இந்த மாற்றம். ஒருவர் போனுக்கு இன்று போகும், இன்னொருவருக்கு நாளை. ஒரு தெருவில் ஒவ்வொரு வீடாக விளக்கு அணைவதைப் பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தது. இரண்டாவது திரையை அணைத்துவிட்டேன். இனி அதில் பார்க்க ஒன்றும் இல்லை.

ஆட்கள் திட்டி எழுதுகிறார்கள். அது பரவாயில்லை, அதற்கெல்லாம் தோல் தடித்துவிட்டது. ஒரே ஒரு அம்மா மட்டும் திட்டவில்லை. தையல் வேலை செய்துகொண்டிருந்தவராம், கண் பார்வை அநேகமாகப் போய்விட்டதாம். எழுத முடியாது என்பதால் பேசி அனுப்பியிருந்தார்.

"தம்பி, எனக்குப் படம் எதுவும் தெரியாது. அந்தக் கொழந்த எங்க ஒளிஞ்சிருக்குன்னு சத்தத்த வச்சுத்தான் போவேன். கிட்ட போனா களுக்குன்னு கேக்கும், பிடிச்சிடுவேன். இப்ப வீடு முழுக்க அமைதியா இருக்கு. எங்க தேடினாலும் கிடைக்க மாட்டேங்குது."

அவர் விளையாட்டைச் சொல்கிறாரா, நான் இருக்கிற வீட்டைச் சொல்கிறாரா என்று இருந்தது.

அந்த அம்மாவுக்காகவாவது ஒரு சத்தம் வேண்டும். சைக்கிள் மணியை வைத்துப் பார்த்தேன். தவளை வைத்தேன். என் சிரிப்பையே பதிவு செய்து வைத்துப் பார்த்தேன். துணிக்கூடைக்குள் ஒளிந்திருப்பது கடன் வாங்கிவிட்டு ஓடிவந்தவன் மாதிரி இருக்கிறது. ஒன்றும் சரியாக வரவில்லை.

நீ ஒரு சத்தம் அனுப்பு. எதுவாக இருந்தாலும் போட்டுவிடுகிறேன். பாதி உன்னுடையது.

சிட்டு அப்பா


ஏப்ரல் 20

சிட்டு அப்பாவுக்கு,

நன்றி என்று எழுதினால் சின்னதாக இருக்கிறது. எழுதாமல் இருந்தால் அதைவிடச் சின்னதாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

சத்தத்தைத் தனியாக உன் போனுக்கு அனுப்பியிருக்கிறேன், கேட்டிருப்பாய். அது என்ன என்று சொன்னால் நம்பமாட்டாய். பல். பீங்கானில் செய்த கடைவாய்ப் பல் ஒன்றைச் சின்ன எஃகுக் கிண்ணத்தில் போட்டு மெதுவாகச் சுற்றினேன். கிணுகிணு என்று தயங்கித் தயங்கி வருகிறது, ஏதோ ஒன்று அசையாமல் இருக்கப் பார்த்து முடியாமல் அசைவது மாதிரி. கிட்டே போகப் போக வேகமாகச் சுற்றியதையும் அனுப்பியிருக்கிறேன். முதலாளியம்மா பின்னால் வந்து நின்றது தெரியவில்லை.

"என்னம்மா, பல்லோட விளையாடிட்டிருக்கியா?"

"விளையாட்டுக்குத்தாங்க" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். காற்று. ஈரப் போர்வை முகத்தில் சப்பென்று அடித்தது. அப்போது சிட்டு சிரித்தாள். முள்ளம்பன்றியின் சிரிப்பு இல்லை. விக்கலும் சிரிப்பும் சேர்ந்து வந்து, எது எது என்று தெரியாமல் அவள் திணறுவாளே, அது. "அம்மா, வயித்துக்குள்ள யாரோ கதவத் தட்றாங்கம்மா!" அதில் இரண்டு 'அம்மா' இருந்தது. இரண்டும் முழுசாக, அவள் குரலில்.

அங்கேயே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா பதறிக்கொண்டு ஓடி வந்தாள். "என்னடி ஆச்சு?"

"கிடைச்சிடுச்சுக்கா."

"எது, கிளிப்பா? ரெண்டு நாளா தேடிட்டிருக்கேன்."

நான் சிரித்தேன், அக்கா பயந்துபோனாள். நான் சிரித்து அவள் பார்த்தது இந்த வீட்டில் அதுதான் முதல் முறை.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாக வருகிறது. சோப்பு கண்ணில் பட்டு அழுகையோடு சிரித்தது ஒன்று. ஒரு முன்பல் விழுந்த பிறகு காற்று வெளியே போக, சத்தமில்லாமல் சிரித்தது ஒன்று. ஒன்று வந்தால் அது போகாமல் இருக்க மெதுவாக நடக்கிறேன், தளும்பத் தளும்பத் தண்ணீர்க் குடத்தோடு நடப்பதுபோல.

நீ செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும்.

சிட்டு அம்மா


மே 6

சிட்டு அம்மாவுக்கு,

உன் பல்லைப் போட்டுவிட்டேன். நன்றாக இருக்கிறது. தையல்கார அம்மாவுக்கு முதலில் அனுப்பினேன். மறுநாளே பேசி அனுப்பியிருந்தார்.

"இப்ப கண்டுபிடிக்க முடியுது தம்பி, ரொம்ப நல்லாருக்கு. எல்லா அறையும் முடிச்சிட்டேன். ஆனா அந்தப் புள்ள எங்க போச்சு?"

ஒரு பதில் எழுதி அழித்தேன். இன்னொன்று எழுதி அதையும் அழித்தேன். அவர் நமக்கு என்ன உறவு? முகம் தெரியாதவர். உண்மையைச் சொன்னால் இனி அவரால் அந்த விளையாட்டை விளையாட முடியாது. அவருக்கு இருப்பதே அந்த நாலு அறை. அதனால், "வளந்துட்டாம்மா, குரல் மாறிப்போச்சு" என்று சொல்லி அனுப்பினேன்.

"அதானே பாத்தேன். புள்ளைங்க அப்படித்தான், நாம பாத்துட்டிருக்கும்போதே சடார்னு வளந்துடும். நல்லா படிக்கிறாளா?"

"நல்லா படிக்கிறாம்மா."

"நான் கேட்டேன்னு சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன்.

உனக்கு ஒவ்வொன்றாகத் திரும்பி வருகிறது என்று படித்தேன். விக்கல் சிரிப்பைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்கும் வரும் என்று காத்திருந்தேன். முன்னால் நிற்பதை நகர்த்தினால் பின்னால் இருப்பது தெரியும் என்றுதானே நினைத்தோம். எனக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.

என்னிடம் இருப்பதெல்லாம் கதவுக்கு அந்தப் பக்கத்துச் சத்தம். ஓடுவது. எதையோ இழுத்துக்கொண்டு போவது. "அப்பா வேலையா இருக்காரு, வா" என்று நீ சொல்வது. சிரிப்பும் கேட்கிறது, ஆனால் அதோடு முகம் வரவில்லை. அந்த இரண்டு விநாடியைப் பதிவு செய்த அன்று அவள் என் மேஜைக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தாள். என் முழங்காலில் அவள் தலை முட்டிக்கொண்டிருந்தது. நான் திரையில் அவள் சத்தத்துக்கு ஏறி இறங்குகிற கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோடு எப்படி இருந்தது என்று இப்போதும் வரைந்து காட்டுவேன். அவள் முகம் எப்படி இருந்தது என்று தெரியாது.

அந்தச் சிரிப்பை ஏன் விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருந்தேன் என்று இப்போதுதான் எனக்கே புரிகிறது. என்னிடம் வேறு இல்லை.

உன்னிடம் இருப்பதில் ஒன்று எனக்குத் தருவாயா? நானும் இருக்கிற மாதிரி ஒன்று. அப்படி எதுவும் இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடு. இட்டுக்கட்டாதே.

திரும்பி வருகிறாயா என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. ஆனாலும் கேட்டுவிடுகிறேன். வருவாயா?

சிட்டு அப்பா


மே 19

சிட்டு அப்பாவுக்கு,

வரமாட்டேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீ கடைசிப் பக்கம்வரை தேடிக்கொண்டே படிக்கக் கூடாது.

வெறுப்பு இல்லை. இருந்திருந்தால் என்றைக்கோ வந்து சண்டை போட்டிருப்பேன். அந்த வீட்டில் நாம் இரண்டு பேரும் இருந்தால், அவள் இல்லாததை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டே இருப்போம். என் முகத்தில் நீ அவள் மூக்கைப் பார்ப்பாய். உன் காலில் நான் அவள் கட்டைவிரலைப் பார்ப்பேன். சாப்பாட்டு மேஜையில் மூன்றாவது நாற்காலியை யார் நகர்த்துவது? நீயும் நகர்த்தமாட்டாய், நானும் நகர்த்தமாட்டேன். என்னால் இன்னொரு தடவை அந்த நாற்காலிக்கு எதிரே உட்கார முடியாது.

தையல்கார அம்மாவிடம் நீ சொன்னதைப் படித்துவிட்டுக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. நல்லா படிக்கிறா என்று சொன்னாயே, கணக்கில் எப்படி என்று கேட்கத் தோன்றியது.

நீ கேட்டதைத் தருகிறேன். இட்டுக்கட்டவில்லை.

அவளுக்குத் தனிக்கட்டில் போட வேண்டும் என்று மெத்தை வாங்கப் போனோம். விளையாட்டை வெளியிட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. நீ கண் சிவந்து, தாடியோடு, நடக்கிற பிணம் மாதிரி வந்தாய். கடை முழுக்க மெத்தை விரித்த கட்டில்கள். இவள் ஒவ்வொன்றிலும் ஏறிப் படுத்து, "இதுல தூக்கம் வரல", "இதுல கொஞ்சம் வருது" என்று விற்பனைக்காரரிடம் சொல்லிக்கொண்டே போனாள். அவரும் பின்னாலேயே எழுதிக்கொள்வதுபோல நடித்துக்கொண்டு வந்தார். ஒன்றில் நீயும் அவள் பக்கத்தில் படுத்தாய். "அப்பா, தூங்கற மாதிரி நடி" என்றாள். நீ குறட்டை விட்டாய். அவள் கைகொட்டினாள். அப்புறம் குறட்டை நிற்கவில்லை. உண்மையிலேயே தூங்கிவிட்டாய்.

நான் எழுப்ப வந்தேன். அவள் எழுந்து உட்கார்ந்து, வாயில் விரலை வைத்து என்னைத் தடுத்தாள். பக்கத்தில் ஒரு குடும்பம் உரக்கப் பேரம் பேசிக்கொண்டிருந்தது. கட்டிலிலிருந்து இறங்கிப் போய் அவர்கள் முன்னால் நின்று, "எங்கப்பா தூங்கறாங்க. நெறைய வேல பாத்தாங்க. மெதுவாப் பேசுங்க" என்றாள். அந்தப் பெரிய மனிதர்கள் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். விற்பனைக்காரர் கிசுகிசுத்தார். கடையே கிசுகிசுத்தது. அவள் திரும்பி வந்து உன் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். உன் நெற்றியில் கை வைத்தாள். நீ தூக்கத்தில் ஏதோ முனகினாய். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ எழுந்துவிடக் கூடாது என்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, முகம் சிவந்து, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சத்தமே இல்லை. எந்த மைக்கிலும் விழுந்திருக்காது. உன்னைப் பார்த்துத்தான் சிரித்தாள். வேறு எங்கும் பார்க்கவில்லை.

நீ தூங்கிக்கொண்டிருந்தாய். அதனால்தான் அது உன்னிடம் இல்லை. இப்போது கொடுத்துவிட்டேன். இனி அது உன்னுடையதும்தான்.

என் படத்தாள்களை எடுத்துக்கொள்ள ஒருநாள் வருகிறேன். என்றைக்கு வரலாம் என்று எழுது. நீ வீட்டில் இல்லாத நாளாக இருக்கட்டும்.

சிட்டு அம்மா


ஜூன் 3

சிட்டு அம்மாவுக்கு,

வெள்ளிக்கிழமை வா. நான் இருக்கமாட்டேன். சாவியைக் கீழ்வீட்டு அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். உன்னைப் பார்த்தால் அவர் அழுவார், கொஞ்சம் பொறுத்துக்கொள். படத்தாள்களைக் கெட்டி அட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டியிருக்கிறேன், மூலை மடங்காது. வண்ணப் பெட்டியையும் கூடவே வைத்திருக்கிறேன். பிரிவதற்கு நீ கையெழுத்துப் போட்ட காகிதம் ஏதாவது இருந்தால் மேஜைமேல் வை. நானும் போட்டு அனுப்பிவிடுகிறேன்.

உன் கடிதம் வந்த பிறகு கண்ணை மூடி உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு அந்த நாள் ஞாபகம் வரவில்லை. கடை வாசல் வருகிறது, வீட்டுக்கு வண்டியில் மெத்தையை ஏற்றிக்கொண்டு வந்தது வருகிறது. நடுவில் ஒன்றும் இல்லை.

அதனால் போன திங்கட்கிழமை அந்தக் கடைக்குப் போனேன். கடை அப்படியே இருக்கிறது. விற்பனைக்காரர் மட்டும் வேறு ஆள். ஒரு கட்டிலில் படுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன், தாராளமா என்றார். படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். தூங்குவதுபோல அசையாமல் கிடந்தேன். சுற்றிலும் ஆட்கள் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு நேரம் கிடந்தேன் என்று தெரியவில்லை. விற்பனைக்காரர் வந்து தோளைத் தொட்டார்.

"பிடிச்சிருக்கா சார்?"

"பிடிச்சிருக்கு" என்றேன்.

"உங்களுக்கா சார், வீட்ல கொழந்தைக்கா?"

யோசிக்காமல், "கொழந்தைக்கு" என்று சொல்லிவிட்டேன்.

"அப்ப அளவு பாத்து எடுத்துடலாம் சார். பாப்பா எவ்ளோ உயரம் இருக்கும்?"

கையைத் தூக்கினேன். எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை.

சிட்டு அப்பா